போசனப்பிரியம் – பாவமா, பிணியா?

காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்து சோளக்காட்டை அடையும்போது, சமவெளியிலிருந்து செல்வோருக்கு வயிற்றைப் புரட்டுவது வழக்கம். நமக்கும் அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்கால வெள்ளிக்கிழமையன்று, அங்கே ஓர் இல்லத்தில் கூடியிருந்த பத்துப் பதினைந்து பேருக்குத் தியான உரையாற்றச் சென்றிருந்தோம். போசனப்பிரியத்தைக் கண்டித்துப் பேசுவது அன்று நமக்கு மிக எளிதாக இருந்தது. நமக்குத்தான் பசியே இல்லையே!

அவ்வாண்டு தலையான பாவங்கள் ஏழினையும் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கி வந்தோம். வயிற்றையே தெய்வமாகக் கொண்டவர்களைப் பற்றிப் பவுலடியார் பிலிப்பியருக்குக் கண்ணீரோடு எழுதியதைச் சொன்னோம். ஏசா ஒரு வேளைக் கூழுக்காகத் தலைமகனுரிமையை விற்ற கதையைச் சொன்னோம். பிறகு, கேட்போர் சோர்ந்துவிடக் கூடாதே என்று, இலை காலியாகுமுன்பே மறுசோறு கேட்கும் தொந்திக்காரர் ஒருவரை நடித்தும் காட்டினோம். எல்லாரும் சிரித்தனர். சிரித்தவர்கள் ஏன் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதை நாம் கவனிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில், சுவரோரமாக, பருத்த உடலோடு ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழச் சுமை தூக்கி ஒல்லியாக ஓடித் திரிந்தவர் அவர். இருபத்தைந்து வயதை நெருங்கும்போது மனச்சிதைவு நோய் கண்டது. யாரோ தம்மை ஏசும் குரல்கள் காதில் விழுகின்றன என்றார். இரவெல்லாம் காட்டில் நடந்தார். சமவெளியிலுள்ள மருத்துவமனை ஒன்றில் மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் குரல்கள் அடங்கின. ஆனால் பசி வந்தது. ஓராண்டுக்குள் இருபது கிலோவுக்கு மேல் எடை கூடிற்று. சோறு வடிக்கும் பானையின் அருகே தாய் காவல் இருக்கவேண்டிய நிலை.

நம் உரையைக் கேட்ட அவர் தமக்குள் ஒரு கணக்குப் போட்டார். மாத்திரை உண்டால் பசிக்கிறது. பசித்தால் மிகையாக உண்கிறோம். மிகையாக உண்பது பாவம். ஆகவே மாத்திரையை விடுவதே புண்ணியம். தருக்கத்தில் பிழையில்லை. குருமடத்தில் இப்படி ஓர் அனுமானத்தை எழுதியிருந்தால் நம் பேராசிரியர் முழு மதிப்பெண் வழங்கியிருப்பார். மாத்திரையை நிறுத்தினார், பசி தணிந்தது, உடல் இளைத்தது, மகிழ்ந்தார். பிறகு குரல்கள் திரும்பின. ஒருநாள் இரவு மலைப்பாதையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தவரை லாரிக்காரர்கள் கண்டு அழைத்து வந்தார்கள்.

ஜூன் மாதத்தில் அவருடைய தாய் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். குரலில் கோபம் இல்லை. "சாமி, சாப்புடறது பாவம்னு நீங்க சொன்னீங்களாம். அதனாலதான் மாத்திரைய நிறுத்துனேங்கறான். அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி" என்றார். (இவற்றையெல்லாம் அக்குடும்பத்தின் இசைவோடுதான் எழுதுகிறோம், அடையாளங்கள் சிலவற்றை மாற்றியுள்ளோம்.)

என்ன வார்த்தை சொல்வது? "பாவம் இல்லை" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது உண்மையா, அல்லது நம் குற்றவுணர்வைத் தணித்துக்கொள்ள நாமே தேடிய ஆறுதலா? முப்பது ஆண்டுகளாக மறையுரைகளில் பசியைப் பற்றிப் பேசி வந்திருக்கிறோம். பசி எங்கே பிறக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நம் முன்னோர் அதை வயிற்றில் பிறப்பதாகவே கருதினர். ஔவையார் வயிற்றையே எதிரில் நிறுத்தி வழக்காடினார். இன்றைய அறிவியலாளர் வழக்காட விரும்பினால் மூளையைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது, பாதாம் பருப்பளவுதான். அதற்குள் அருகருகே வாழும் இருவகை நரம்பணுக்களில் ஒருவகை "உண், உண்" என்று தூண்டும். மற்றொன்று "போதும்" என்று அடக்கும். உடலெங்கிலுமிருந்து இவற்றுக்குத் தூது வந்தவண்ணம் இருக்கிறது. வெறும் வயிறு அனுப்பும் தூதுக்குக் கிரெலின் என்று பெயர். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது. சிறுகுடலும் தன் பங்குக்கு நிறைவின் செய்தியை அனுப்புகிறது. உடலிலுள்ள கொழுப்போ, கையிருப்பு எவ்வளவு என்று லெப்டின் என்னும் தூதின் வழியாக நாள்தோறும் கணக்கு ஒப்புவிக்கிறது.

இந்த லெப்டின் கண்டறியப்பட்ட வரலாறு ஓர் உவமைக் கதை போன்றது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில், 1949இல், ஓயாமல் தின்று பருக்கும் ஒருவகைச் சுண்டெலி பிறந்தது. பின்னர் அதைப் போலவே பருக்கும் வேறொரு வகையும் கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்பவர், ஓர் எலியின் குருதி மற்றதில் ஓடுமாறு இரண்டிரண்டாக எலிகளை இணைத்துப் பார்த்தார். முதல்வகைக் கொழுத்த எலியை இயல்பான எலியோடு இணைத்தபோது கொழுத்தது தீனியைக் குறைத்துக்கொண்டது. இரண்டாம் வகையை இணைத்தபோதோ, அது தின்றுகொண்டே இருக்க, இயல்பான எலி தீனியைத் தொடாமல் பட்டினி கிடந்து மாண்டது. முதல்வகைக்குப் "போதும்" என்ற செய்தியே பிறப்பதில்லை. இரண்டாம் வகைக்குச் செய்தி பெருவெள்ளமாகப் பிறந்தும் கேட்கும் செவி இல்லை என்று கோல்மன் முடிவு செய்தார். அவர் சொன்ன அந்தப் பொருளை 1994இல் ஜெப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்து, மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் லெப்டின் எனப் பெயரிட்டனர்.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்துமா? 1997இல் விடை கிடைத்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த பாகிஸ்தானிய வழிவந்த ஒரு குடும்பத்தில் இரு குழந்தைகள். எட்டு வயதுச் சிறுமிக்கு 86 கிலோ எடை; அவளுடைய உறவினனான இரண்டு வயதுச் சிறுவனுக்கு 29 கிலோ. கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓராஹிலி, சதஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு ஆராய்ந்தபோது இருவர் குருதியிலும் லெப்டின் அநேகமாக இல்லவே இல்லை. சிறுமிக்கு நாள்தோறும் அதை ஊசி மூலம் செலுத்தினார்கள். ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. யாரும் அவளுக்கு அறிவுரை கூறவில்லை. அவள் எந்த நோன்பும் ஏற்கவில்லை.

இவ்விடத்தில் கொல்லிமலையோடு தொடர்புள்ள ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1914இல் பிறந்து, பிரிந்த சகோதரர்களான பாப்டிஸ்து மறைபணியாளரின் மகனாக இம்மலையிலே ஒன்பது வயது வரை வளர்ந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் காய்ச்சலால் இம்மலையிலேயே இறந்தார். மகன் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளருக்குப் பணியாற்றியபோது ஒன்றை உணர்ந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி உதிர்வதில்லை. வலி என்னும் செய்தி மூளையை எட்டாததால் சுடுகலத்தைப் பிடித்தும் கையை எடுக்காமல், காயத்தைக் காயமென்று அறியாமல், அவர்கள் தங்களையே சிதைத்துக்கொள்கிறார்கள். "சூடென்று தெரியாதா, கவனக்குறைவான மனிதனே" என்று தொழுநோயாளரை நாம் கடிந்துகொள்வதில்லை. நிறைவு என்னும் செய்தி எட்டாதவரைக் கடிந்துகொள்கிறோம். நாம் நடித்தே காட்டினோம்.

நம் இளைஞர் உட்கொண்ட ஓலன்சபைன் என்ற மாத்திரை செய்வதும் இத்தகையதே. அது குரல்களை அடக்கும் வேலையைச் செய்யும்போது, மூளையில் ஹிஸ்டமினும் செரட்டோனினும் வந்து தட்டும் கதவுகள் சிலவற்றையும் அடைத்துவிடுகிறது. நிறைவுணர்வு உள்ளே நுழையும் வழிகளுள் அக்கதவுகளும் உண்டு. சோறு வயிற்றில் இருக்கும். சோறு வந்து சேர்ந்ததென்ற செய்தி வாசலில் நிற்கும். மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து இதை நமக்கு விளக்கியபோது, அந்த இளைஞர் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அவர் நம்மிடம் கேட்டது ஒன்றே: "போதும்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது சாமி. உங்களுக்கு எப்படித் தெரியுது?"

நம்மால் மறுமொழி கூற இயலவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு வருகிறோம். ஒவ்வொரு வேளையும் ஏதோ ஓரிடத்தில் கை தானாக நிற்கிறது. அது நம் அறநெறியின் வெற்றி என்றே எண்ணியிருந்தோம் போலும்.

அன்றிரவு, குருமட நாள்களில் தேர்வுக்காகப் படித்து மறந்த ஒரு பகுதியை மீண்டும் திறந்தோம். புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் போசனப்பிரியத்துக்கெனத் தனி ஆய்வு ஒன்றை ஒதுக்கியிருக்கிறார். (அவரே பருத்த உடலினர் என்பது மரபு, உடன் பயின்றோர் அவரை ஊமை எருது என்று அழைத்தார்களாம்.) அங்கே அவர் அவாவை இரண்டாகப் பிரிக்கிறார். பசியும் தாகமும் இயற்கை நாட்டத்தைச் சேர்ந்தவை. செடிகொடிகளோடு நாம் பகிர்ந்துகொள்ளும் உயிராற்றலுக்குரியவை. பகுத்தறிவின் கட்டளைக்கு உட்படாதவை. எனவே அங்கே புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. பாவத்துக்கு இடம், அதற்கு மேலுள்ள புலன்சார்ந்த விருப்பத்தில்தான். தேவையென்று கருதி ஒருவர் அளவு மீறி உண்டால் அது போசனப்பிரியம் ஆகாது, அறியாமையே என்றும் எழுதுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில், ஹைபோதலாமஸைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் கதவை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருக்கிறார். அதை மூடியவர்கள் நம்மைப் போன்ற உரையாளர்கள்தாம்.

ஆனால் ஓர் ஆட்சேபனையை இங்கே எதிர்கொள்ளாமல் போக இயலாது. பசியை மூளையின் வேதியியல் ஆள்கிறது என்றால், கோபத்தை எது ஆள்கிறது? காமத்தை? சோம்பலை? அவற்றுக்கும் மூளையில் அணுக்களும் தூதுகளும் உண்டு. போசனப்பிரியத்தை மன்னித்துவிட்டால் ஏழு பாவங்களும் வரிசையில் வந்து விடுதலை கேட்குமே! ஒப்புரவுத் தொட்டியை மூடிவிட்டு மருந்துக்கடை திறக்கவேண்டியதுதானா? படித்த இளைஞர்கள் சிலர் இதை நம்மிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள்.

மூச்சைக் கொண்டு சிந்திப்போம். நாம் விரும்பினால் மூச்சை அடக்கலாம். ஒரு நிமிடம், பயிற்சியுள்ளவர்கள் இன்னும் சற்று அதிகம். அந்த நேரத்துக்குள் நம் விருப்பு மெய்யானதே. ஆனால் நாளெல்லாம் அடக்கி வைக்குமாறு எவரும் யாரையும் கட்டளையிட முடியாது. உணவும் ஏறத்தாழ அப்படியே. கால அளவு மட்டும் நீளம். 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. மனச்சான்றின் பொருட்டுப் போரில் படைக்கலம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், போரில் பட்டினி கிடப்போருக்கு உதவும் வழியறிய, அரைப்பட்டினியை ஆறு மாதம் தாமாக ஏற்றார்கள். நாட்டின் பழிச்சொல்லையே தாங்கிய உறுதிமிக்கவர்கள். சில வாரங்களில் அவர்கள் உணவைத் தவிர வேறெதையும் எண்ண இயலாதவர்களாயினர். சமையற்குறிப்பு நூல்களைச் சேர்த்துவைத்துப் படித்தனர். விதியை மீறித் திருட்டுத்தனமாக உண்டு, ஆய்விலிருந்து விலக்கப்பட்டவர்களும் உண்டு. பட்டினி முடிந்தபின் வயிறு நிறைந்தும் பசி தீரவில்லை என்றார்கள். உறுதியின்மையா இது? எடை குறைந்ததும் உடல் அதைப் பஞ்சமென்றே கொள்கிறது. பசியைப் பெருக்கி, செலவைச் சுருக்கி, இழந்ததை மீட்கப் போராடுகிறது. பருத்தவர் பலர் பத்துமுறை இளைத்துப் பத்துமுறை பருப்பதன் காரணம் இதுவே.

ஆகவே விருப்புரிமை இல்லையென்று நாம் சொல்லவில்லை. அதன் நிலப்பரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரே அளவல்ல என்கிறோம். ஒருவருக்கு ஏக்கர் கணக்கில், மற்றொருவருக்கு ஒரு திண்ணையளவு. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து 1986இல் வெளியான முடிவு, அவர்களுடைய உடற்பருமன் வளர்த்த பெற்றோரை ஒத்திருக்கவில்லை, பெற்ற பெற்றோரையே ஒத்திருந்தது என்கிறது. உண்ட சோறு ஒருவர் வீட்டினுடையது. உடல்வாகு மற்றொருவர் வீட்டினுடையது. பழக்கமும் அச்சமும் உளக்காரணிகளும் ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கவோ முற்றிலும் நீக்கவோ கூடும் எனத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் கற்பிக்கிறது. அதைக் காமத்துக்கும் குடிக்கும் பொருத்தத் தெரிந்த நாம், சோற்றுக்குப் பொருத்த மறந்தோம். பருமன் கண்ணுக்குத் தெரிவதாலோ என்னவோ.

அப்படியென்றால் போசனப்பிரியம் என்ற பாவமே இல்லையா? உண்டு, ஆனால் அதைத் தராசில் தேடக் கூடாது. திருத்தந்தை பெரிய கிரகோரியார் அதன் வழிகளை ஐந்தாக வகுத்தார். அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் அளவைப் பற்றியது. வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, பக்குவத்தில் குறை கண்டுகொண்டே இருப்பது, பேராவலோடு விழுங்குவது என்பன மற்றவை. நாம் சோளக்காட்டில் பருமனுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன ஏசாவை அவர் ஆவலுக்கே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். ஏசா உண்டது வெறும் பயற்றங்கூழ். இப்பட்டியலை வைத்து நம்மையே ஆராய்ந்தபோது முகம் சிவந்தது. திருவிழாக்காலத்தில் ஊர் ஊராகச் செல்லும் குருக்களுக்குக் கிடைக்கும் பிரியாணியையும், "இந்த ஊர்க் கறி போன ஆண்டைப்போல் இல்லை" என்று நாம் தீர்ப்பு வழங்கும் அழகையும் எண்ணிப் பார்த்தோம். நம் எடை 62 கிலோ. எவரும் நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததில்லை.

மற்றொன்றும் இங்கே சொல்லவேண்டும். மூளையின் தராசு காற்றில் தொங்கவில்லை. நம் முன்னே வைக்கப்படும் உணவோடுதான் அது போராடுகிறது. கொல்லிமலை மக்கள் தலைமுறைகளாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து உண்டவர்கள். மெல்ல நேரமெடுக்கும், நாருள்ள, மெதுவாகச் செரிக்கும் தானியங்கள். நிறைவின் செய்தி மூளைக்குச் சென்று சேர அவகாசம் தருபவை. சேகோ ஆலைகளின் தேவையால் மரவள்ளி மலையேறியது. சாமை விளைந்த சரிவுகளை அது பிடித்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அது பசியைத் தீர்த்த நல்ல செயல் என்பதில் நமக்கு ஐயமில்லை. சாமையை உரலில் குத்திப் புடைக்கும் பாடு பெண்களுக்குத்தான் தெரியும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களை மீட்க உழைத்தபோது, தோல் நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது இதனால்தான். ஆயினும் இன்று சோளக்காட்டுக் கடைவாசல்களில் தோரணமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்களைப் பாருங்கள். உப்பும் கொழுப்பும் மாவும், கை நிற்காத பக்குவத்தில் கலந்திருக்கின்றன. விற்பனையாவதே அந்த நிற்காமைதான். போசனப்பிரியத்தில் தூண்டியவருக்கும் பங்குண்டு என்றால், அந்த ஒப்புரவுத் தொட்டிக்கு யார் வந்து முழந்தாளிடுவது?

இப்போது ஊசிகளும் வந்துவிட்டன. குடல் அனுப்பும் நிறைவுத் தூதின் சாயலில் செய்யப்பட்ட டிர்செபடைட், 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. எடைக்குறைப்புக்கான செமாகுளூடைட் அவ்வாண்டு ஜூனில் வந்தது. செமாகுளூடைட் ஊசியால் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நிறுத்தியவர்களுக்கு, இழந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிற்று. எடையைவிட நம்மை வியப்பிலாழ்த்தியது வேறு. "உணவைப் பற்றிய ஓயாத எண்ணமே அடங்கிவிட்டது" என்கிறார்கள் இதைப் பயன்படுத்துவோர். தவத்தாலும் கண்ணீராலும் அடங்காதது ஓர் ஊசியால் அடங்குமானால், அவர்களிடம் குறைந்திருந்தது மட்டுமிதம் என்னும் புண்ணியம் அல்ல என்பது தெளிவு. ஊசி போட்டு மெலிந்தவர் புண்ணியவானாகவும் ஆகிவிடவில்லை. அவருக்குத் திண்ணை சற்று அகலமாகியிருக்கிறது. அதில் என்ன செய்வார் என்பது இனிமேல்தான். வசதியுள்ளவர் ஊசியால் மெலிந்துவிட்டு, வாங்க இயலாதவரை "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று ஏளனம் செய்யும் காலம் வருமோ என்றுதான் நமக்கு அச்சம்.

சோளக்காட்டுக்கு மீண்டும் சென்றோம். அதே இல்லத்தில், அதே மக்கள் முன்னிலையில், நாம் அன்று நடித்தது தவறென்று கூறி அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கூச்சத்தோடு தலையை மட்டும் அசைத்தார். மருத்துவர் இதற்குள் எடையை அவ்வளவாகக் கூட்டாத வேறொரு மாத்திரைக்கு மாற்றியிருந்தார். பசி சற்றே இறங்கியிருந்தது, முற்றிலும் இல்லை.

பெரிய வெள்ளியன்று தாமும் ஒருசந்தி இருக்கவேண்டுமா என்று அவர் கேட்டார். நோயுற்றவர்களுக்கு அக்கடமை இல்லை என்று உடனே சொன்னோம். நல்ல செய்தி சொல்கிறோம் என்றே எண்ணினோம். அவர் முகம் வாடிவிட்டது. "எல்லாரும் இருக்கறப்ப நான் மட்டும் சும்மாவா சாமி?" என்றார்.

பாவத்திலிருந்து அவரை விடுவிக்கும் அவசரத்தில், தவம் செய்யும் மக்கள் நடுவிலிருந்தும் அவரை வெளியேற்றிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நெடுநேரம் பேசினோம். தாயும் உடனிருந்தார். காலையும் நண்பகலும் இரவும் அவர் உண்பது, மாத்திரையை விடாமல் உட்கொள்வது, மாலையில் சந்தையில் வாங்கும் பொட்டலம் ஒன்றை மட்டும் அன்று வாங்காதிருப்பது என முடிவாயிற்று. அந்த ஐந்து ரூபாயை என்ன செய்வது என்று கேட்டார். அவரே யோசித்து, காணிக்கைப் பெட்டியில் போடுகிறேன் என்றார்.

பெரிய வெள்ளிக்குப் பின் ஒருநாள் தாய் தொலைபேசியில் அழைத்தார். பொட்டலம் வாங்கவில்லையாம். ஆனால் இரவில் மூன்றாம் முறை சோறு கேட்டானாம், போட்டாராம். "பரவாயில்லைங்களா சாமி?" என்றார். மாத்திரை உண்டாரா என்று கேட்டோம். "அதெல்லாம் தவறாம முழுங்கினான்" என்றார்.